வீட்டுக் கணினிக்கு பேக்அப் மென்பொருள் தேர்ந்தெடுக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

பேக்அப் எடுக்கக் கிளம்பும் பெரும்பாலோர் முதலில் ஏதோ ஒரு மென்பொருளைப் பதிவிறக்குவார்கள். அடுத்து அதில் பெரிதாகத் தெரியும் பட்டனை அழுத்துவார்கள். மீட்பைப் பற்றி யோசிப்பது டிஸ்க் போன பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எது போனால் எது திரும்பி வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், மென்பொருள் பட்டியல் தானாகவே இரண்டு மூன்று பெயர்களாகச் சுருங்கிவிடும். கீழே மென்பொருள்களின் பெயர்கள் 7ஆம் படியில்தான் வருகின்றன. நேராக அங்கே தாவ வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும், முடிந்தால் இரண்டு. கணினி இயங்காதபோது அதைத் தொடங்கி மீட்க உதவும் மீட்பு பென்டிரைவ் உருவாக்க 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட காலி பென்டிரைவ் ஒன்று தேவை. அதில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் வேறு வேலைக்கு வைத்திருக்கும் பென்டிரைவைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் கணினியில், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸின் அமைப்பை மாற்றினாலே கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். கேட்கும் நேரத்தில் அந்தக் கணினியைத் திறந்து தேட முடியாது.

பிறகு, இப்போதுள்ள டிஸ்க்கின் உடல்நிலை. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற கருவிகள் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவல்களைக் காட்டும். கெட்டுப்போனதால் மறுஒதுக்கீடு செய்யப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க் டக் டக் என்று ஒலித்தாலோ மென்பொருள் தேர்வை நிறுத்திவிட்டு, மீண்டும் கிடைக்காத கோப்புகளை மட்டும் உடனே சாதாரணமாக நகலெடுங்கள். முழு டிஸ்க்கையும் படிக்க வைக்கும் இமேஜ் பேக்அப், சாகக் கிடக்கும் டிஸ்க்குக்குக் கடைசி அடியாகிவிடலாம்.

2. எந்த இழப்பிலிருந்து மீள வேண்டும் என்று எழுதுங்கள்

வீட்டுக் கணினியில் இழப்பு மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, ஒரு கோப்பை அழித்துவிட்டீர்கள், அல்லது கெடுத்துச் சேமித்துவிட்டீர்கள். நேற்றைய அல்லது போன மாதப் பதிப்பு வேண்டும். இதற்குத் தேவை, கோப்புகளின் பழைய பதிப்புகளைத் தேதிவாரியாக வைத்திருக்கும் மென்பொருள்.

இரண்டாவது, டிஸ்க் செத்துவிட்டது. புது டிஸ்க் போட்டு, இயங்குதளம், நிறுவிய மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் பழையபடி வர வேண்டும். இதற்குத் தேவை முழு டிஸ்க் இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதன் நகல்.

மூன்றாவது, கணினியும் அதனுடன் இணைந்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் சேர்ந்தே போகின்றன: திருட்டு, தீ, மின்னழுத்தத் தாக்குதல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர். இதற்கு எந்த மென்பொருளும் தனியாக உதவாது. கழற்றி வைத்த பிரதியோ, வேறிடத்தில் உள்ள பிரதியோதான் காப்பாற்றும்.

எல்லோருக்கும் இமேஜ் தேவையில்லை. உலாவியும் ஆஃபீஸும் மட்டும் பயன்படுத்துபவர் விண்டோஸைப் புதிதாக நிறுவி அரை நாளில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். உரிமச் சாவி தொலைந்த பழைய மென்பொருள்கள், கஷ்டப்பட்டு அமைத்த ஆடியோ அல்லது வடிவமைப்புச் சூழல் உள்ளவருக்கு இமேஜ் இல்லாவிட்டால் வாரக்கணக்கில் வேலை. முதல் வகை இழப்போ எல்லோருக்கும் வரும், அடிக்கடியும் வரும். அதனால் கோப்புப் பதிப்புகள் கட்டாயம், இமேஜ் தேவைக்கேற்ப.

3. கோப்புகள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தப் படியில்தான். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றையும் டிக் செய்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

தண்டர்பேர்டு மின்னஞ்சல்களும் உலாவியின் புக்மார்க்குகளும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கின்றன. சில கணக்கு மென்பொருள்களும் பழைய நிரல்களும் தரவை சி டிரைவின் மேல்மட்டத்திலேயே தனி ஃபோல்டரில் வைக்கும். விளையாட்டுகளின் சேமிப்புகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலிலும் தரவு இருக்கும் இடத்தைப் பார்த்துக் குறியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அடுத்த பொறி, கோப்புகளை இணையத்தில் வைக்கும் மேகச் சேமிப்பு (கிளவுட்). ஒன்டிரைவில் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் வசதி இயங்கினால், எக்ஸ்ப்ளோரரில் தெரியும் கோப்புகளில் பல உங்கள் டிஸ்க்கில் இல்லை, வெறும் பெயர்ப்பலகைகள்தான். மேக்கில் ஐகிளவுட் சேமிப்பிடத்தைச் சுருக்கும் அமைப்பும் இப்படித்தான். பேக்அப் மென்பொருள் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம். இல்லையேல் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கி டிஸ்க்கை நிரப்பலாம். முக்கியமான ஃபோல்டர்களை இந்தக் கணினியிலேயே எப்போதும் வைத்திருக்குமாறு மாற்றிய பிறகு பேக்அப் எடுங்கள்.

கோப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டும் வெராகிரிப்ட் பெட்டகம் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெட்டகக் கோப்பின் மாற்றத் தேதியை மாற்றாமல் வைத்திருப்பது அதன் இயல்பான அமைப்பு. தேதியையும் அளவையும் மட்டும் பார்க்கும் பேக்அப் மென்பொருள் 'மாற்றமில்லை' என்று அதை விட்டுவிடும். வெராகிரிப்ட்டின் விருப்பங்களில் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்கள் வைத்திருப்பவர்கள் எழுத்துருக் கோப்புகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆவணம் பத்திரமாக மீண்டு வந்தாலும் எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தெரிவது குப்பைதான்.

4. டிஸ்க்கின் அளவையும் வடிவத்தையும் கணக்கிடுங்கள்

'இருக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு' என்ற விதி பொதுவாகச் சரி. ஆனால் எங்கே இடிக்கும் என்று தெரிந்துகொள்ளக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கணினியில் 300 ஜிபி நிரம்பியிருக்கிறது, தினமும் 2 ஜிபி மாறுகிறது, இரண்டு முழுப் பிரதிகளும் 30 நாள் மாற்றங்களும் வேண்டும் என்று வையுங்கள். 600 உடன் 60 சேர்ந்து 660 ஜிபி. 1 டிபி டிஸ்க் போதும் போலத் தோன்றும். ஆனால் பல மென்பொருள்கள் புதிய முழுப் பிரதியை எழுதி முடித்த பிறகே பழையதை அழிக்கும். அந்த நேரத்தில் டிஸ்க்கில் மூன்று முழுப் பிரதிகள் இருக்கும்: 960 ஜிபி. விண்டோஸ் 1 டிபி டிஸ்க்கை 931 ஜிபி என்றுதான் காட்டும். பேக்அப் பாதியில் நின்றுபோகும். சுருக்கம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், புகைப்படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை. இந்தக் கணினிக்கு 2 டிபி வாங்குவதே சரி.

விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், மேக்கில் உள்ளேயே இருக்கும் பேக்அப் நிரலான டைம் மெஷினுக்கு ஏபிஎஃப்எஸ், லினக்ஸுக்கு எக்ஸ்ட்4 என்று ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 வடிவில் 4 ஜிபியை எட்டும் ஒரு தனிக்கோப்பை வைக்க முடியாது, இமேஜ் துண்டு துண்டாகும் அல்லது நிற்கும். எக்ஸ்ஃபேட் எல்லாக் கணினிகளிலும் திறக்கும் என்றாலும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிங் அதில் கிடையாது. எழுதும்போது கேபிள் கழன்றால் சேதம் பெரிதாகும்.

தமிழில் நீளமாகப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க: என்டிஎஃப்எஸ் 255 குறியெண்கள் (எழுத்துக்கூறு ஒவ்வொன்றுக்கும் யூனிகோடு தரும் எண்) வரை அனுமதிக்கும், எக்ஸ்ட்4 255 பைட்டுகள் வரை. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியெண் 3 பைட் எடுக்கும். 'கி' போன்ற உயிர்மெய் இரண்டு குறியெண்கள், ஆக 6 பைட். விண்டோஸில் சிக்கலின்றி இருந்த நீளமான கோப்புப்பெயர், லினக்ஸ் அடிப்படையிலான நெட்வொர்க் சேமிப்பகத்துக்கு நகரும்போது பிழை தருவது இதனால்தான். பேக்அப் பதிவேட்டில் (லாக்) 'பெயர் மிக நீளம்' என்று வந்தால் அந்தக் கோப்பு நகலாகவில்லை என்று பொருள்.

5. நான்கு வகைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

சிங்க் செய்யும் மென்பொருள் இரு பக்கத்தையும் ஒன்றுபோல வைத்திருக்கும். நீங்கள் அழித்தால் அங்கும் அழியும், ரான்சம்வேர் பூட்டினால் பூட்டப்பட்ட கோப்பே அங்கும் போய்ச் சேரும். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியின் மிரர் விருப்பமும் இந்த வகைதான். மூல ஃபோல்டரைத் தவறாகக் காலி ஃபோல்டருக்குக் காட்டினால், சேருமிடத்தில் இருப்பதைத் துடைத்துவிடும். இது பேக்அப் அல்ல. இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டும் பேக்அப் அல்ல.

கோப்புப் பேக்அப் தேர்ந்தெடுத்த ஃபோல்டர்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும்.

இமேஜ் முழு டிஸ்க்கையும் ஒரு பெரிய கோப்பாக்கும். ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பல தேதிகளின் இமேஜ்களை வைக்கலாம்.

குளோன் ஒரு டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கின் மேல் அப்படியே எழுதும். டிஸ்க் மாற்றும் நாளுக்கு அது அருமை. தினசரிப் பேக்அப்புக்கு வீண், ஏனென்றால் ஒரே ஒரு தேதிதான் கையில் இருக்கும். மூலம், இலக்கு இரண்டையும் மாற்றிக் கொடுத்துக் காலி டிஸ்க்கைத் தரவின் மேல் எழுதிய கதைகள் ஏராளம்.

முழுப் பிரதிக்குப் பின் வரும் மாற்றங்களைச் சேமிக்க இரண்டு வழிகள். இன்கிரிமென்டல் முறையில் ஒவ்வொன்றும் முந்தையதைச் சார்ந்திருக்கும். இடம் குறைவு, ஆனால் நடுவில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பிந்தையவை எல்லாம் பயனற்றுப் போகும். டிஃபரென்ஷியல் முறையில் ஒவ்வொன்றும் முழுப் பிரதியை மட்டும் சார்ந்திருக்கும். நாளாக நாளாகப் பெருக்கும், ஆனால் மீட்க இரண்டு கோப்புகள் போதும். வீட்டுக்கு, மாதம் ஒரு முழுப் பிரதியும் இடையில் இன்கிரிமென்டலும் போதும். மாதக்கணக்கில் நீளும் ஒற்றைச் சங்கிலியைத்தான் தவிர்க்க வேண்டும்.

6. மென்பொருளைக் கழித்துக் கட்டும் கேள்விகள்

வசதிகளின் பட்டியலைப் படிப்பதில் பயனில்லை, எல்லாத் தளங்களும் ஒன்றுபோலத்தான் பேசும். கீழ்க்கண்டவற்றில், நான்காவதைத் தவிர, ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள்.

திறந்திருக்கும் கோப்பை நகலெடுக்குமா? விண்டோஸில் இதற்கு வால்யூம் ஷேடோ காப்பி என்ற சேவை உண்டு. அதைப் பயன்படுத்தாத மென்பொருள், அவுட்லுக் திறந்திருக்கும்போது மின்னஞ்சல் கோப்பைத் தவறவிடும்.

தவறியவற்றைத் தெளிவாகச் சொல்லுமா? எந்தக் கோப்பு, ஏன் நகலாகவில்லை என்று பதிவேடு காட்ட வேண்டும். 'சில எச்சரிக்கைகளுடன் முடிந்தது' என்று மட்டும் சொல்வது போதாது.

இலவசப் பதிப்பில் மீட்பு இலவசமா? சில மென்பொருள்களில் பேக்அப் எடுப்பது இலவசம், ஆனால் வேறு கணினியில் மீட்பது போன்ற வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. சோதனைக் காலம் முடிந்த பிறகும் மீட்க முடியுமா என்பதையும் உரிமப் பக்கத்தில் பாருங்கள்.

மென்பொருளே இல்லாவிட்டால் கோப்பைப் படிக்க முடியுமா? விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வைத்து, பெயரின் பின்னால் தேதியைச் சேர்க்கும். எந்தக் கணினியிலும் திறக்கலாம். தனி வடிவத்தில் சேமிக்கும் மென்பொருள் என்றால் அதன் நிறுவல் கோப்பையும் பேக்அப் டிஸ்க்கிலேயே வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, இன்னும் பராமரிக்கப்படுகிறதா? வீட்டுப் பயனர்கள் பலர் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டன. பழைய பரிந்துரைப் பட்டியல்கள் இன்னும் அதை முதலிடத்தில் வைத்திருக்கின்றன.

7. இப்போது பெயர்கள்

மேக் என்றால் டைம் மெஷினில் தொடங்குங்கள், வேறு தேட வேண்டாம். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையவற்றுக்கு வாரத்துக்கொன்று என்று பதிப்புகளை வைத்துக்கொண்டு, டிஸ்க் நிரம்பியதும் பழையதை அழிக்கும்.

விண்டோஸில் கோப்புப் பதிப்புகளுக்கு உள்ளேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி ஒரு நல்ல தொடக்கம். இயல்பாக மணிக்கொருமுறை இயங்கும், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற லைப்ரரிகள், டெஸ்க்டாப் போன்றவற்றையே பார்க்கும். வேறு ஃபோல்டர் வேண்டுமானால் அதை ஒரு லைப்ரரியில் சேர்த்துவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் இன்னும் இருக்கும் விண்டோஸ் 7 காலத்து சிஸ்டம் இமேஜ் வசதியை நம்ப வேண்டாம். 2017லேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. விண்டோஸ் பேக்அப் என்ற புதிய செயலி பெரும்பாலும் ஒன்டிரைவுக்கு அனுப்பும் வேலையைத்தான் செய்கிறது, டிஸ்க் இமேஜ் எடுக்காது.

இமேஜுக்கு வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு கனமானது ஆனால் நம்பகமானது. ஹாஸ்லியோ பேக்அப் சூட், ஏஓமெய் பேக்அப்பர் இரண்டும் புதியவருக்கு எளிது. அக்ரோனிஸ் ட்ரூ இமேஜ் கட்டண மென்பொருள். கூடவே வரும் வைரஸ் தடுப்பு வேண்டாதவர் அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை. குளோன்ஸில்லா பல இயங்குதளங்களுக்குப் பொருந்தும், இலவசம். ஆனால் கணினியை அதிலிருந்து பூட் செய்ய (தொடங்க) வேண்டும், அந்த இமேஜிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுப்பதும் பெரும்பாடு.

லினக்ஸில் டேஜா டப் எளிது. கட்டளை வரி பழகியவர்களுக்கு போர்க், ரெஸ்டிக். டைம்ஷிஃப்ட்டை மட்டும் நிறுவிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அது இயல்பாக உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தொடாது, இயங்குதளத்தைத்தான் காக்கும்.

8. மீட்பு பென்டிரைவை முதலில், பேக்அப்பை அடுத்து

மென்பொருளை நிறுவியதும் மீட்பு ஊடகம் உருவாக்கும் வசதியைத் தேடிப் பென்டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்து கணினியை பூட் செய்து மூன்றைச் சரிபாருங்கள்: உள் டிஸ்க் தெரிகிறதா, எக்ஸ்டர்னல் டிஸ்க் தெரிகிறதா, கீபோர்டும் மவுஸும் வேலை செய்கின்றனவா.

புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் உள் எஸ்எஸ்டி தெரியாது. இன்டெல் விஎம்டி என்ற அமைப்பின் வழியே அது இணைக்கப்பட்டிருப்பதும், மீட்புச் சூழலில் அதற்கான டிரைவர் இல்லாததும்தான் காரணம். கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, மீட்பு பென்டிரைவ் உருவாக்கும்போது சேர்த்துவிடுங்கள். டிஸ்க் போன நாளில் இதைக் கண்டுபிடிப்பதைவிட இன்று கண்டுபிடிப்பது நல்லது. எவ்வளவு முயன்றும் டிஸ்க் தெரியாவிட்டால் அந்த மென்பொருள் உங்கள் கணினிக்கு ஆகாது, அடுத்ததைப் பாருங்கள்.

இமேஜ் எடுக்கும்போது சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். பூட் ஆவதற்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன் அதற்கு வெளியே இருக்கிறது. முழு டிஸ்க்கையும் டிக் செய்யுங்கள். 500 ஜிபி தரவு, நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதும் யூஎஸ்பி 3 டிஸ்க்குக்கு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போகும். ஐந்து மணி என்று காட்டினால் பெரும்பாலும் யூஎஸ்பி 2 துளையில் செருகியிருக்கிறீர்கள்.

9. மீட்டுப் பாருங்கள்

'சரிபார்' பட்டன், எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். சரியானதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று அதற்குத் தெரியாது.

ஒரு தமிழ்ப் பெயர்க் கோப்பு, ஒரு பெரிய வீடியோ, மின்னஞ்சல் ஃபோல்டர், இரண்டு முறை திருத்திய ஓர் ஆவணத்தின் பழைய பதிப்பு ஆகிய நான்கையும் வேறு ஒரு காலி ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பாருங்கள். பழைய இடத்துக்கே மீட்காதீர்கள். சோதனை தவறாகப் போனால் அசலின் மேல் எழுதிவிடும். தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக வந்தால் மென்பொருளை மாற்றுங்கள். இமேஜ் எடுத்திருந்தால் மீட்பு பென்டிரைவிலிருந்து பூட் செய்து, இமேஜைத் தேர்ந்தெடுத்து, கடைசி உறுதிப்படுத்தும் திரை வரை போய் ரத்து செய்யுங்கள். பழைய உதிரி டிஸ்க் ஒன்று இருந்தால் அதில் முழுமையாகவே மீட்டுப் பார்க்கலாம்.

பிட்லாக்கர் உள்ள டிஸ்க்கை விண்டோஸ் இயங்கும்போதே இமேஜ் எடுத்தால், இமேஜுக்குள் தரவு பூட்டில்லாமல்தான் இருக்கும். ஆகவே இமேஜுக்குத் தனியாகக் கடவுச்சொல் போடுங்கள், மீட்ட பிறகு பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள். அந்தக் கடவுச்சொல்லை அதே கணினியில் உள்ள கடவுச்சொல் மேலாளரில் மட்டும் வைத்தால், தேவைப்படும் நாளில் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். மறந்துபோனால் யாராலும் திறக்க முடியாது.

10. அட்டவணையும் இரண்டாவது பிரதியும்

மடிக்கணினியில் 'பேக்அப் ஓடவே இல்லை' என்பதற்கு வழக்கமான காரணம் மின் இணைப்பு. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் பணிகள் மின் இணைப்பில் இருக்கும்போது மட்டுமே தொடங்கும் என்பது இயல்பான அமைப்பு. இரவு 2 மணிக்கு அட்டவணை போட்டுக் கணினியை மூடிவிட்டாலும் இதே கதிதான். தவறிய பணியை அடுத்த வாய்ப்பில் இயக்கும் விருப்பத்தை டிக் செய்து, கணினி நிச்சயம் இயங்கும் நேரம் ஒன்றைக் கொடுங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகி வைத்திருப்பது வசதி, ஆனால் ரான்சம்வேருக்கும் அதே வசதி. டிஸ்க் இரண்டு இருந்தால் ஒன்று செருகியே இருக்கட்டும், மற்றொன்றை மாதம் ஒருமுறை இணைத்து, எழுதி, கழற்றி வேறிடத்துக்கு அனுப்புங்கள். ஒன்றே ஒன்று என்றால் பேக்அப் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

மேகத்துக்கு அனுப்பும் முன் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். 500 ஜிபி, நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில், இடைவிடாமல் ஓடினாலும் நான்கரை நாளுக்கு மேல் எடுக்கும். இமேஜை அனுப்புவதை மறந்துவிட்டு, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் அனுப்புங்கள். ரெஸ்டிக், கோபியா, டூப்ளிகாட்டி போன்றவை கணினியிலேயே பூட்டிய பிறகுதான் அனுப்பும்.

11. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

பதிவேட்டைத் திறந்து கடைசியாக வெற்றிகரமாக முடிந்த தேதியைப் பாருங்கள். இன்கிரிமென்டலின் அளவையும் பாருங்கள். தினமும் 2 ஜிபி இருந்தது காரணமின்றி 80 ஜிபி ஆனால், ஏதோ ஒன்று உங்கள் கோப்புகளை மொத்தமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அது பெரிய நகர்த்தலாக இருக்கலாம், ரான்சம்வேராகவும் இருக்கலாம். காரணம் தெரியும்வரை பேக்அப் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், பழைய பதிப்புகள் அழிய விடாதீர்கள்.

புதிய நிரல் நிறுவினால் 3ஆம் படியின் பட்டியலில் அதன் தரவு இடத்தைச் சேருங்கள். மென்பொருளையே மாற்ற நேர்ந்தால், புதியது ஒரு முழுச் சுற்று ஓடி, 9ஆம் படியின் சோதனையிலும் தேறும்வரை பழைய பேக்அப்பையும் அதைத் திறக்கும் நிறுவல் கோப்பையும் அழிக்காதீர்கள்.